வெயில் ஒரு கோளின் காற்றை எப்படிக் கரைக்கிறது: செவ்வாயை வைத்துப் படிப்படியாகக் கணக்கிட ஒரு முழுமையான வழிகாட்டி

செவ்வாயின் காற்று விண்வெளிக்குக் கசிந்துகொண்டிருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். எந்த வாயு, எந்த வழியாக, நொடிக்கு எவ்வளவு என்று கேட்டால் அங்கேதான் தடுமாற்றம் தொடங்குகிறது. ஒரு தாளும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் அரை நாளில் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். புதிதாகப் போடுகிறவர்கள் பலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பெருக்கலிலோ வகுத்தலிலோ அவர்கள் தவறுவது அரிது. எந்த எண்ணை எங்கே எடுப்பது, எதை முதலில் முடிப்பது என்பதில்தான் வழுக்குகிறார்கள். அதனால் இங்கே வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். "வளிமண்டலம் கசிகிறது" என்று மொத்தமாக ஒரு கணக்கு கிடையாது. ஹைட்ரஜனுக்குத் தனிக் கணக்கு, ஆக்சிஜனுக்குத் தனிக் கணக்கு. இரண்டும் வேறு வேறு வாசல் வழியாக வெளியேறுகின்றன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

செவ்வாய்க்கு இரண்டு எண்கள் போதும். ஆரம் 3,390 கி.மீ. ஈர்ப்பு மாறிலியையும் கோளின் நிறையையும் பெருக்கிய எண் 4.283 × 10¹³ (மீட்டர், நொடி அலகில்). இந்தப் பெருக்கலை நீங்களே செய்ய வேண்டாம். விண்கலங்களின் பாதையிலிருந்து இந்தப் பெருக்குத்தொகை நேரடியாகவே மிகத் துல்லியமாகக் கிடைக்கிறது. தனித்தனியாக எடுத்துப் பெருக்கினால் இல்லாத பிழையை நாமே சேர்த்ததாகிவிடும். கீழே இதை "ஈர்ப்பு எண்" என்று சொல்கிறேன்.

அப்புறம் பொது எண்கள்: போல்ட்ஸ்மன் மாறிலி 1.381 × 10⁻²³, ஹைட்ரஜன் அணுவின் நிறை 1.674 × 10⁻²⁷ கிலோ, ஆக்சிஜன் அணுவின் நிறை 2.657 × 10⁻²⁶ கிலோ, ஓர் எலக்ட்ரான் வோல்ட் 1.602 × 10⁻¹⁹ ஜூல். ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்து 1240-ஐ அதால் வகுத்தால் ஒரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வந்துவிடும்.

எல்லாவற்றையும் மீட்டர், கிலோ, நொடி, கெல்வின் என்று மாற்றிய பிறகே முதல் கணக்கைத் தொடங்குங்கள். நடுவில் ஒரு கிலோமீட்டர் நுழைந்தால் வர்க்கம் எடுக்கும்போது விடை பத்து லட்சம் மடங்கு தள்ளிப் போகும். வாயுவின் அடர்த்தியை நூல்கள் கன சென்டிமீட்டருக்குத் தருவதால் அங்கே இன்னொரு பத்து லட்சம் காத்திருக்கிறது. நான் பார்த்த தவறான விடைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டில் ஒன்றால் வந்தவை.

2. முதல் வேலை: வெயிலைப் பிரித்துப் பார்ப்பது

பூமியின் தூரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட் வெயில் விழுகிறது. செவ்வாயில் சராசரியாக 590 வாட்டை ஒட்டி. புதிதாக வருகிறவர்கள் இந்த எண்ணை அப்படியே கணக்கில் போட்டுவிடுகிறார்கள். போட்டால் செவ்வாயில் காற்றே மிஞ்சாது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டானுக்கு 1.8 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட் வரைதான் ஆற்றல். செவ்வாயின் காற்றில் பெரும்பங்கான கார்பன் டை ஆக்சைடை இரண்டாக உடைக்க 5.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அதாவது 225 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம். அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 13.8 வேண்டும், 90 நானோமீட்டருக்குக் கீழே. கண்ணுக்குத் தெரியும் ஒளி மேல் காற்றை ஊடுருவிக் கீழே போய் மண்ணைச் சூடாக்கிவிட்டு அகச்சிவப்பாகத் திரும்புகிறது. மேல் அடுக்குக்கு அதனால் பெரிய பாதிப்பில்லை.

வேலை செய்வது மிகக் குறுகிய அலைநீளம் கொண்ட தீவிரப் புற ஊதாவும் எக்ஸ் கதிரும்தான். பூமியின் தூரத்தில் இவை இரண்டும் சேர்ந்து சதுர மீட்டருக்குச் சில மில்லிவாட்தான். மொத்த வெயிலில் ஏறக்குறைய மூன்று லட்சத்தில் ஒரு பங்கு. செவ்வாயில் 2 மில்லிவாட் என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு சிறிய தொகை ஒரு கோளின் காற்றைத் தீர்மானிப்பதற்குக் காரணம், அது மிக மெல்லிய மேல் அடுக்கிலேயே முழுவதும் உறிஞ்சப்படுவதுதான். கொஞ்சம் வாயு, அதற்கு மொத்த ஆற்றலும்.

இந்த ஆற்றல் மூன்று வழியாகச் செலவாகிறது: மேல் அடுக்கைச் சூடாக்குகிறது, மூலக்கூறுகளை உடைத்து வேகமான அணுக்களைத் தெறிக்க வைக்கிறது, எலக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்குகிறது. அடுத்த படிகள் இதே வரிசையில் போகும்.

3. மோதல் ஓயும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள்

பூமியின் தரைமட்டக் காற்றில் ஒரு மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே கடக்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே ஓர் அணு எவ்வளவு வேகமாக மேலே கிளம்பினாலும் உடனே யாரோ ஒருவர் இடித்துத் திருப்பிவிடுவார். உயரம் கூடக்கூட அண்டை அணுக்கள் விலகுகின்றன. ஓர் உயரத்துக்கு மேல், மேல்நோக்கிக் கிளம்பிய அணுவை வழிமறிக்க எதுவும் இருக்காது. அந்த உயரத்துக்கு எக்ஸோபேஸ் என்று பெயர். தப்பிப்பது பற்றிய எல்லாக் கணக்கும் இங்கேதான் போடப்பட வேண்டும்.

கண்டுபிடிக்கும் முறை: சராசரி மோதலிடைத் தூரமும் அளவு உயரமும் சமமாகும் இடம் அது. அளவு உயரம் என்பது அடர்த்தி சுமார் 2.7 மடங்கு குறைய நாம் ஏற வேண்டிய உயரம். வெப்பநிலையைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் பெருக்கி, அணுவின் நிறையாலும் அங்குள்ள ஈர்ப்பு முடுக்கத்தாலும் வகுத்தால் கிடைக்கும். செவ்வாயில் 200 கி.மீ. உயரத்தில் ஈர்ப்பு முடுக்கம் 3.32. வெப்பநிலை 240 கெல்வின். ஆக்சிஜன் அணுவுக்கு அளவு உயரம் 37.5 கி.மீ. அணுவின் மோதல் பரப்பு 3 × 10⁻¹⁹ சதுர மீட்டர் என்று எடுத்தால், மோதலிடைத் தூரம் 37.5 கி.மீ. ஆக வேண்டிய அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு சுமார் 9 கோடி அணுக்கள். பூமியின் தரைமட்டக் காற்றில் அதே இடத்தில் 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள் இருக்கின்றன.

செவ்வாயில் இந்த அடர்த்தி 200 கி.மீ. சுற்றுவட்டத்தில் வருகிறது. பூமியில் சுமார் 500 கி.மீ. பத்து இருபது கி.மீ. முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம். அடுத்த படியில் வரும் தவறுதான் விடையையே மாற்றிவிடும்.

4. அந்த உயரத்தின் வெப்பநிலை

இந்தப் படியில் மெதுவாகப் போங்கள். நான் பார்த்தவரை எல்லோரும் இங்கேதான் ஒரு முறையாவது விழுகிறார்கள். கோளின் தரை வெப்பநிலையை எடுத்துவிடுவது முதல் தவறு. தரையிலிருந்து எதுவும் தப்புவதில்லை. நமக்கு வேண்டியது எக்ஸோபேஸின் வெப்பநிலை.

"சூரியனுக்கு அருகே இருந்தால் மேல் அடுக்கும் சூடாக இருக்கும்" என்று ஊகிப்பது இரண்டாவது தவறு. வெள்ளிக்கு பூமியைவிட ஏறக்குறைய இரு மடங்கு வெயில். ஆனால் வெள்ளியின் எக்ஸோபேஸ் பகலில்கூட 300 கெல்வினை ஒட்டியே இருக்கிறது. பூமியினுடையதோ 1,000 கெல்வின் அளவில். காரணம் கார்பன் டை ஆக்சைடு. தரைக்கு அருகே வெப்பத்தைப் பிடித்து வைக்கும் அதே வாயு, மேலே காற்று மெலிந்த இடத்தில் 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் வெப்பத்தை விண்வெளிக்கு வீசிவிடுகிறது. வெள்ளியிலும் செவ்வாயிலும் காற்று முழுக்க அதுதான் என்பதால் மேல் அடுக்கு குளிர்ந்தே கிடக்கிறது. பூமியில் அது மிகக் குறைவு. வாங்கிய வெப்பத்தை வெளியேற்ற வழி போதாமல் மேல் அடுக்கு கொதிக்கிறது.

மூன்றாவது தவறு, அளக்காத எண்ணை நம்புவது. இதற்குப் புளூட்டோவைவிட நல்ல பாடம் இல்லை. அதன் மேல் வளிமண்டலம் 100 கெல்வின் அளவில் இருக்கும் என்று கணித்து, அதை வைத்து நைட்ரஜன் பெரும் அளவில் தப்புகிறது என்று கணக்கிட்டிருந்தார்கள். 2015 ஜூலை 14-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கடந்து சென்றபோது அங்கே 70 கெல்வினை ஒட்டித்தான் இருந்தது. நைட்ரஜன் இழப்பு கணித்ததைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்துபோனது. வெறும் முப்பது கெல்வின் வித்தியாசம்.

செவ்வாய்க்கு, சூரியனின் செயல்பாட்டையும் பருவத்தையும் பொறுத்து 200 முதல் 300 கெல்வின் வரை எடுக்கலாம். நான் 240-ஐ எடுக்கிறேன். ஒரே எண்ணோடு நிறுத்தாமல் 200, 240, 300 என்று மூன்றுக்கும் போட்டுப் பாருங்கள். ஏன் என்பது ஏழாவது படியில் தெரியும்.

5. விடுபடு வேகம்: தரையில் எடுக்காதீர்கள்

விடுபடு வேகம் = √(2 × ஈர்ப்பு எண் ÷ மையத்திலிருந்து தூரம்). தூரம் என்பது ஆரமும் எக்ஸோபேஸ் உயரமும் சேர்ந்தது: 3,390 + 200 = 3,590 கி.மீ. விடை நொடிக்கு 4.885 கி.மீ.

பாடநூலில் இருக்கும் 5.03 தரைக்கான எண். மூன்று சதவீத வித்தியாசம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். இந்த எண் வர்க்கமாகி, பிறகு அடுக்குக்குறிக்குள் போகப்போகிறது. கடைசியில் விடையில் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

6. ஜீன்ஸ் எண்

இப்போது அணுவின் வேகம். √(2 × போல்ட்ஸ்மன் மாறிலி × வெப்பநிலை ÷ நிறை). ஹைட்ரஜனுக்கு 240 கெல்வினில் நொடிக்கு 1.99 கி.மீ. வருகிறது.

இங்கே ஒருவர் கையை உயர்த்துவார்: "1.99 என்பது 4.885-ஐவிடக் குறைவு. அப்படியானால் ஹைட்ரஜன் தப்பாதே?" நியாயமான கேள்விதான். ஆனால் 1.99 என்பது பொதுவான வேகம். கூட்டத்தில் எல்லா அணுவும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரு சில அணுக்கள் மோதல்களில் வரிசையாக உந்துதல் வாங்கி மிக வேகமாக ஓடுகின்றன. அந்தச் சிலர் தப்பிப் போனதும் மிச்சமிருப்பவர்களின் மோதல்கள் இன்னும் சிலரை அந்த வேகத்துக்குக் கொண்டுவருகின்றன. சொட்டுச் சொட்டாகக் கசிவது இப்படித்தான்.

எத்தனை பேர் அந்த வால் பகுதியில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்வது ஜீன்ஸ் எண்: விடுபடு வேகத்தை அணுவின் வேகத்தால் வகுத்து வர்க்கம் எடுங்கள். செவ்வாயின் ஹைட்ரஜனுக்கு 6.03. ஆக்சிஜன் அணுவின் வேகம் 0.4995 கி.மீ. மட்டுமே என்பதால் அதன் ஜீன்ஸ் எண் 95.6.

எண்ணைப் படிக்கும் முறை இது: இரண்டு மூன்றுக்குக் கீழே போனால் வாயு தனித்தனி அணுவாகத் தப்பாமல் மொத்தமாக ஓடையைப் போல வெளியே பாயும், இந்த வழிகாட்டியின் சூத்திரம் அங்கே செல்லாது. ஐந்திலிருந்து பத்து பன்னிரண்டு வரை மெதுவான, கணிசமான கசிவு. முப்பதைத் தாண்டினால் வெப்பத்தால் தப்புவது நடைமுறையில் இல்லை.

7. பாய்வைக் கணக்கிடுங்கள்

ஒரு சதுர மீட்டர் வழியாக நொடிக்குத் தப்பும் அணுக்கள் = அடர்த்தி × அணுவின் வேகம் ÷ 3.545 × (1 + ஜீன்ஸ் எண்) × 2.718-இன் அடுக்கில் ஜீன்ஸ் எண்ணைக் கழித்தல் குறியோடு போட்டது. 3.545 என்பது பையின் (3.1416) வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கியது.

எக்ஸோபேஸில் ஹைட்ரஜன் கன சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் என்று வைப்போம். மீட்டருக்கு மாற்றினால் 10¹¹. அடைப்புக்குறியும் அடுக்கும் சேர்ந்து 0.0169. பாய்வு சதுர மீட்டருக்கு நொடிக்கு 9.5 × 10¹¹ அணுக்கள். எக்ஸோபேஸின் மொத்தப் பரப்பு 1.62 × 10¹⁴ சதுர மீட்டர். பெருக்கினால் நொடிக்கு 1.5 × 10²⁶ அணுக்கள். எடையில் கால் கிலோ.

ஒரு நொடிக்குக் கால் கிலோ ஹைட்ரஜன். நீரிலிருந்து வந்த ஹைட்ரஜன் அது என்பதால், ஒன்பதால் பெருக்கினால் நொடிக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் நிரந்தரமாகப் போகிறது என்று பொருள்.

சரி, இப்போது 240-க்குப் பதில் 300 கெல்வின் போடுங்கள். ஜீன்ஸ் எண் 4.82 ஆகிறது. அதே அடர்த்தியில் பாய்வு மூன்று மடங்குக்கு மேல். வெப்பநிலை கூடியது 25 சதவீதம்தான். நான்காவது படியில் மெதுவாகப் போகச் சொன்னதன் காரணம் இதுதான்.

அடுத்து கனமான ஹைட்ரஜனான ட்யூட்டீரியத்துக்குப் போட்டுப் பாருங்கள். நிறை இரு மடங்கு, ஜீன்ஸ் எண்ணும் இரு மடங்கு. ஓர் அணுவுக்கு ஓர் அணு என்று பார்த்தால் சாதாரண ஹைட்ரஜனைவிட 300 மடங்கு மெதுவாகத் தப்பும். இலேசானது போய்விடக் கனமானது தேங்கும். செவ்வாயின் நீரில் ட்யூட்டீரியத்தின் விகிதம் பூமியைவிட ஐந்தாறு மடங்கு அதிகமாகவும், வெள்ளியில் நூறு மடங்குக்கு மேலாகவும் இருப்பது இப்படி நெடுங்காலம் வடிகட்டப்பட்டதன் தழும்பு.

கடைசியாக ஆக்சிஜன். எக்ஸோபேஸில் இருக்கும் 9 கோடியும் ஆக்சிஜன்தான் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 95.6 என்ற ஜீன்ஸ் எண்ணோடு கணக்கிட்டால் முழுக் கோளிலிருந்தும் சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு ஓர் அணு தப்புகிறது. ஓர் அணு! இந்த விடை வந்ததும் பலர் எங்கோ தவறிவிட்டோம் என்று முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டாம், விடை சரிதான். வெப்பம் ஆக்சிஜனின் வாசல் இல்லை என்பதைத்தான் அது சொல்கிறது. ஆனால் விண்கலங்கள் அளந்ததில் ஆக்சிஜன் நொடிக்கு 10²⁵ அணுக்கள் என்ற அளவில் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியானால் எந்த வழியாக?

8. ஆக்சிஜனின் வாசல்: ஒளி வெடிக்கவைக்கும் மூலக்கூறு

இந்தப் படிக்கு வெப்பநிலை வேண்டாம். ஒரே ஓர் அணுவின் ஆற்றலைப் பார்த்தால் போதும்.

ஒரு புற ஊதா ஃபோட்டான் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்குகிறது. உருவான அயனி அருகிலுள்ள ஆக்சிஜன் அணுவோடு வினைபுரிந்து, இரண்டு ஆக்சிஜன் சேர்ந்த மூலக்கூறு அயனியாக முடிகிறது. சூரியன் காயும் பக்கத்தில் செவ்வாயின் அயனி அடுக்கில் பெரும்பங்கு இந்த அயனிதான். இது சுற்றித் திரியும் எலக்ட்ரான் ஒன்றைப் பிடித்ததும் நிலைகொள்ளாமல் இரண்டு ஆக்சிஜன் அணுக்களாகத் தெறிக்கிறது. இரண்டும் ஒரே நிறை என்பதால் வெளிப்பட்ட ஆற்றலைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டு எதிரெதிர்த் திசையில் பறக்கின்றன.

வெளிப்படும் ஆற்றல் அதிகபட்சமாக 6.99 எலக்ட்ரான் வோல்ட். தலைக்கு 3.5. இன்னொரு வழியில் பிரிந்தால் 5.02, தலைக்கு 2.5. மற்ற வழிகளில் தலைக்கு 1.5 அல்லது அதற்கும் கீழே.

இப்போது தப்புவதற்கான கட்டணத்தைக் கணக்கிடுங்கள்: பாதி நிறை × விடுபடு வேகத்தின் வர்க்கம். செவ்வாயில் ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு 1.98 எலக்ட்ரான் வோல்ட். 3.5-ம் 2.5-ம் அதைத் தாண்டுகின்றன. மேல்நோக்கிக் கிளம்பி, வழியில் இடிபடாமல் இருந்தால் அணு போயேவிடும்.

வெள்ளிக்கு இதையே போடுங்கள்: 8.6. பூமிக்கு 9.6. அதே வெயில், அதே வேதிவினை, அதே 3.5 எலக்ட்ரான் வோல்ட். ஆனால் அணு கொஞ்சத் தூரம் எழும்பித் திரும்பி விழுகிறது. மெலிந்த காற்றுள்ள சிறிய கோளை வெயில் ஏன் இவ்வளவு கடுமையாகப் பாதிக்கிறது என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த மூன்று எண்களைத்தான்.

இங்கே வரும் தவறு: தெறித்த அணுக்களில் பாதி தப்பும் என்று எடுத்துக்கொள்வது. எக்ஸோபேஸுக்குக் கீழே ஆழத்தில் நடக்கும் வினைகள் வீண்தான். அணு இடிபட்டு வேகத்தை இழந்துவிடும். எக்ஸோபேஸை ஒட்டி ஒன்றிரண்டு அளவு உயரத்துக்குள் நடப்பவை மட்டும் கணக்கில் சேரும்.

9. அயனிகளும் சூரியக் காற்றும்

சூரியக் காற்று ஒளி அல்ல. நொடிக்கு 400 கி.மீ. அளவில் வரும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம். ஆனாலும் இந்தப் படியைத் தவிர்க்க முடியாது. அது இழுத்துச் செல்லும் அயனிகளை உண்டாக்கித் தருவது புற ஊதா வெயில்தான். மின்னூட்டம் இல்லாத அணுவைச் சூரியக் காற்றின் புலங்கள் தொடுவதில்லை. எலக்ட்ரானை இழந்த மறுகணமே பிடித்துக்கொள்கின்றன.

2014 செப்டம்பரிலிருந்து செவ்வாயைச் சுற்றிய மேவன் விண்கலத்தின் அளவீடுகளைக் கொண்டு, இந்த வழியாக நொடிக்கு சுமார் 100 கிராம் போவதாக 2015-இல் அறிவித்தார்கள். சூரியப் புயல் வீசும் நாள்களில் இது கூடுகிறது. இழுக்கப்பட்ட அயனிகளில் சில திரும்பி மேல் அடுக்கில் மோதி, பில்லியர்ட்ஸ் பந்துகளைப் போல மற்ற அணுக்களைச் சிதறடிக்கின்றன. வேதிவினையில் சேராத ஆர்கான்கூடப் போவது இந்த வழியில்தான். இலேசான ஆர்கானும் கனமான ஆர்கானும் எந்த விகிதத்தில் எஞ்சியிருக்கின்றன என்று பார்த்து, செவ்வாயில் இருந்த ஆர்கானில் சுமார் 65 சதவீதம் விண்வெளிக்குப் போயிருக்கும் என்று 2017-இல் கணக்கிட்டார்கள்.

"காந்தப்புலம் இருந்தால் எதுவும் போகாது" என்று எழுதிவிடாதீர்கள். பூமியின் துருவப் பகுதிகளிலிருந்தும் ஆக்சிஜன் அயனிகள் வெளியேறிக்கொண்டுதான் இருக்கின்றன. காந்தப்புலம் வாசல்களை இடம் மாற்றுகிறது. எல்லாவற்றையும் அது அடைப்பதில்லை. ஹைட்ரஜனின் வெப்பக் கசிவை அது தொடுவதே இல்லை.

10. விடையை இரண்டு கூரைகளோடு ஒப்பிடுங்கள்

கணக்கு முடிந்ததும் விடை சாத்தியமானதா என்று பார்க்க இரண்டு உச்சவரம்புகள் உண்டு.

ஒன்று ஆற்றல் வரம்பு. பை × தீவிரப் புற ஊதாப் பாய்வு × ஆரத்தின் கனம் ÷ ஈர்ப்பு எண். இதில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே தப்புவதற்குப் பயன்படும் என்று எடுப்பது வழக்கம். செவ்வாய்க்கு நொடிக்கு சுமார் 570 கிலோ வருகிறது. உண்மையில் எல்லா வாயுவும் எல்லா வழியும் சேர்ந்து நொடிக்கு 2 முதல் 3 கிலோதான் என்று மேவன் தரவுகள் காட்டின. எஞ்சிய ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்பாகத் திரும்பிவிடுகிறது. ஆகவே 570-ஐ விடையாக எழுதக்கூடாது. அதைத் தாண்டிய விடை வந்தால் எங்கோ தவறியிருக்கிறீர்கள் என்பதற்கு மட்டுமே அது பயன்படும்.

மற்றொன்று பரவல் வரம்பு. மேலே வாசல் எவ்வளவு அகலமாக இருந்தாலும், கீழிருந்து ஹைட்ரஜன் வந்து சேர்ந்தால்தானே வெளியேற முடியும்? கனமான வாயுக்களின் ஊடே அது மெல்லப் பரவி மேலே வர வேண்டும். பூமியில் ஹைட்ரஜன் இழப்பு நொடிக்கு சுமார் 3 கிலோவில் நிற்பது இதனால்தான். நம் நீராவி பத்துப் பதினைந்து கி.மீ. உயரத்துக் குளிரில் உறைந்து கீழேயே தங்கிவிடுகிறது. மேலே போய் உடைவதற்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

11. பருவமும் காலமும்

செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்பதால் சூரியனுக்கு மிக அருகே இருக்கும்போது வெயில் மிகத் தொலைவில் இருக்கும்போதைவிட 45 சதவீதம் கூடுதல். ஆனால் ஹைட்ரஜன் இழப்பு பருவத்துக்குப் பருவம் பத்து மடங்கு அளவுக்கு மாறுகிறது. வெயிலை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. அருகே வரும் காலம்தான் புழுதிப் புயலின் காலமும். புழுதி வெயிலை உறிஞ்சி நடுக் காற்றைச் சூடாக்குகிறது. நீராவி உறையாமல் மேலே ஏறுகிறது. புயல் வீசும்போது 150 கி.மீ. உயரத்திலேயே நீரின் தடத்தை மேவன் கண்டது. அந்த உயரத்தில் நீர் சில மணி நேரத்தில் உடைந்துபோகும். மெல்லப் பரவி வர வேண்டிய ஹைட்ரஜனைப் புயல் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே இறக்கிவிடுகிறது. ஒரே நாளின் அளவீட்டை ஆண்டு முழுவதற்கும் பெருக்காதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

காலத்தைப் பின்னோக்கி நீட்டும்போதும் அதே கவனம் வேண்டும். நாம் கண்ட கால் கிலோவை அப்படியே 400 கோடி ஆண்டுகளுக்குப் பெருக்கினால், செவ்வாய் முழுவதும் இரண்டு மீட்டர் ஆழத்துக்குப் பரப்பிய தண்ணீர் போயிருக்கும். இது குறைந்தபட்ச மதிப்பீடு. இளம் சூரியன் மொத்த வெயிலில் இன்றைக்கு 70 சதவீதமே தந்தது. ஆனால் தீவிரப் புற ஊதாவிலும் எக்ஸ் கதிரிலும் இன்றையதைவிடப் பல பத்து மடங்கு கூடுதல். "அன்று சூரியன் மங்கல், அதனால் இழப்பும் குறைவு" என்று எழுதிய தாள்களைத் திருத்தியிருக்கிறேன். இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்தவர்கள் செய்யும் தவறு அது.

12. வேறு கோளுக்குப் போகும்போது

புதனுக்கும் நிலவுக்கும் இந்த வரிசை அப்படியே பொருந்தாது. அங்கே மோதல் ஓயும் உயரம் தரையேதான். வெயில் நேரடியாகப் பாறையில் பட்டு சோடியம் அணுக்களை உதிர்க்கிறது. அந்தச் சோடியத்தின் மீது ஒளியின் அழுத்தமே பட்டு, சூரியனுக்கு எதிர்த்திசையில் நீண்ட வாலாக இழுத்துவிடுகிறது. மூன்றாவது படியில் தரை ஆரத்தையே வைத்து, வாயு எப்படி மேலே வருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

விண்மீனுக்கு மிக அருகே சுற்றும் வாயுக் கோள்களில் ஜீன்ஸ் எண் மிகச் சிறியதாகி வாயு ஓடையாகப் பாயும். ஹெச்டி 209458 பி என்ற கோளிலிருந்து ஹைட்ரஜன் அப்படி வெளியேறுவதை 2003-இல் அறிவித்தார்கள். அங்கே பத்தாவது படியின் ஆற்றல் வரம்பே முதல் மதிப்பீடாகிவிடும்.

புதுக் கோள் எதற்கும் போகுமுன் உங்கள் தாளை பூமியை வைத்துச் சோதியுங்கள். ஈர்ப்பு எண் 3.986 × 10¹⁴, ஆரம் 6,371 கி.மீ., எக்ஸோபேஸ் 500 கி.மீ., 1,000 கெல்வின். விடுபடு வேகம் 10.77 கி.மீ., ஹைட்ரஜனின் ஜீன்ஸ் எண் 7.0, ஆக்சிஜனுக்கு 112-ஐ ஒட்டி வர வேண்டும். பூமியின் ஈர்ப்பு இவ்வளவு அதிகமாக இருந்தும் ஹைட்ரஜனின் எண் செவ்வாயின் 6.03-க்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிறதே என்று தோன்றினால், நான்காவது படிக்குத் திரும்பிப் போய் இரண்டு கோள்களின் வெப்பநிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.